ஊட்டி ஏரியில் படகு நின்ற வருஷம்

2020 மே மாசத்துக்கு ஊட்டி போறதா ஒரு பிளான் உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடியிருக்கலாம். காட்டேஜ் பார்த்து, அட்வான்ஸ் கட்டி, மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயிலா காரா என்று சண்டை போட்டு... மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினதும் அந்த குரூப் அப்படியே அமைதியாகியிருக்கும். நமக்கு அது ஒரு கேன்சல் ஆன டிரிப். அட்வான்ஸ் திரும்பி வந்ததா இல்லையா என்பதோடு கதை முடிந்தது.

மலை மேல இருக்கிறவங்களுக்கு அது அப்படி முடியலை. கோடை சீசன்ல ஊட்டி ஏரியில் படகுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று போனவங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் அந்த வரிசையே இல்லை. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் கரையில். ஒரு தொற்று நோய் வந்து ஊட்டியை மூடிடுச்சு. இதில் ஒரு வினோதம் இருக்கு. ஊட்டி என்கிற ஊரே நோய்க்குப் பயந்து உருவான ஊர். இன்னிக்கு அந்தக் கதையை ஏரி வழியாகப் பார்க்கலாம்.

முதலில் இருநூறு வருஷம் பின்னாடி போவோம். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறுகிறார். முதலில் கோத்தகிரி பக்கம் தங்குகிறார், பிறகு இப்போ ஊட்டி இருக்கிற பள்ளத்தாக்குக்கு வருகிறார். அது தோடர்களின் மேய்ச்சல் நிலம். 'மந்து' என்றால் தோடர் குடியிருப்பு. உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளேயே அந்த மந்து ஒளிஞ்சிருக்கு. அந்த நிலம் எப்படிக் கைமாறியது, என்ன விலைக்கு என்பதெல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம். இங்கே நமக்கு முக்கியம், சல்லிவன் எதைச் சொல்லி இந்த மலையை மதராஸ் அரசாங்கத்துக்கு விற்றார் என்பது. அவர் சொன்னது ஒரே விஷயம்தான்: இங்கே காற்று நல்லா இருக்கு, நோயாளிகளை இங்கே அனுப்புங்க.

அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சமவெளியில் கம்பெனியின் வெள்ளைக்கார சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிட காய்ச்சலிலும் காலராவிலும் செத்தது அதிகம். கிருமி என்கிற கருத்தே இன்னும் வரலை. அழுகின இலையும் சேறும் விடுற கெட்ட காற்றுதான் காய்ச்சல் என்று டாக்டர்களே நம்பினாங்க. அப்போ 2,200 மீட்டர் உயரத்தில், ராத்திரி கம்பளி கேட்கிற ஒரு இடம் கிடைச்சா? 1820களின் கடைசியில் மதராஸ் ஆளுநர் லஷிங்டன் இதை ராணுவத்தின் நோயாளிகள் தேறி வருகிற இடமாகவே ஆக்கிட்டார். பாதைகள் வந்தன. பங்களாக்கள் வந்தன. புனித ஸ்டீபன் தேவாலயம் வந்தது. அந்தத் தேவாலயக் கல்லறையில் சல்லிவனின் மனைவியும் மகளும் புதைக்கப்பட்டிருக்காங்க. நல்ல காற்று எல்லாரையும் காப்பாத்தலை.

இன்னொண்ணு. மலை மேல ஏறுவதற்கே ஒரு விலை இருந்தது. அடிவாரக் காடு, அதாவது கல்லாறு, பர்லியாறு பக்கம், மலேரியாவுக்குப் பேர் போனது. அங்கே ராத்திரி தங்காதீங்க, வேகமாகக் கடந்து மேலே போயிடுங்க என்பதுதான் பயணிகளுக்கு எச்சரிக்கை. ஒரு வகையில் மலைக்கு வேலி போட்டிருந்தது அந்தக் காய்ச்சல்தான். ரொனால்டு ராஸுக்கே இது நடந்தது. 1897-ல் லீவுக்கு ஊட்டி வந்தவர், கல்லட்டி வழியாக சீகூர் பக்கம் இறங்கிப் பார்க்கப் போய், தானே மலேரியா வாங்கிட்டு வந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளருது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கெட்ட காற்றுக் கதை அதோட முடிஞ்சது. ஆனா அதுக்குள்ளே ஊட்டி ஒரு ஊராகிடுச்சு.

சரி, ஏரிக்கு வருவோம்.

ஊட்டி ஏரி இயற்கையானது இல்லை. 1820களில் சல்லிவன் கட்டினது. 1824 என்று பொதுவாகச் சொல்றாங்க. மலையில் இருந்து இறங்குற ஓடைகளைத் தடுத்து, கரை போட்டு, பள்ளத்தாக்கை நிரப்பினாங்க. ஆரம்பத்தில் நோக்கம் மீன் வளர்ப்பு. ஏரியின் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகப் படகு விட்டாங்க. படகு அப்போ ஒரு வாகனம், பொழுதுபோக்கு இல்லை. மூணு தடவை கரை உடைஞ்சு ஏரி காலியாகியிருக்கு. ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டினாங்க.

கரை உடைஞ்சதைவிடப் பெரிய இழப்பு வேற விதத்தில் வந்தது. ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊர் சாப்பிட்டது. இன்னிக்கு நீங்க பஸ்ஸை விட்டு இறங்குற பஸ் ஸ்டாண்டு, எதிரே குதிரைப் பந்தய மைதானமா இருந்த இடம், ஏரிப் பூங்கா, இதெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர். இன்னிக்கு மிச்சம் இருப்பது சுமார் 65 ஏக்கர். பெரிய மழை வந்தா அந்தப் பகுதியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து 'ஊட்டியில் வெள்ளமா?' என்று செய்தி போடுவாங்க. அது ஏரியின் பழைய இடம், அவ்வளவுதான்.

இதே காலத்தில் ஊர் வேற மாதிரி ஆகுது. 1870-ல் இருந்து மதராஸ் மாகாண அரசாங்கமே கோடைக்கு மேலே வர ஆரம்பிச்சது. ஃபைல், குமாஸ்தா, செயலர், ஆளுநர் எல்லாரும் வருஷத்தில் பாதி நாள் ஊட்டியில். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் மலை ரயில் வந்தது. நோயாளி வந்த இடத்துக்கு அதிகாரி வந்தார், அதிகாரிக்குப் பின்னாடி அவர் குடும்பமும் விருந்தாளிகளும் வந்தாங்க. அதில் இருந்து 'சீசன்' என்கிற சொல் ஊட்டித் தமிழில் நிரந்தரமா ஒட்டிக்கிட்டது. மலர்க் கண்காட்சி 1896-ல் ஆரம்பிச்சது இந்தக் கூட்டத்துக்காகத்தான்.

சுதந்திரத்துக்கு அப்புறம் அந்தக் கூட்டத்தின் இடத்துக்கு நாம வந்தோம். ஹனிமூன் ஜோடி, ஸ்கூல் டூர், கம்பெனி டூர். 1973-ல் தமிழ்நாடு சுற்றுலாத் துறை படகு விடுறதுக்காக ஏரியைக் கையில் எடுத்தது. மீன், அக்கரைப் பயணம் என்று வேற வேற வேலை செய்த ஏரிக்கு அதுக்கப்புறம் ஒரே வேலைதான்: கீழே இருந்து வர்றவங்களை அரை மணி நேரம் சுத்திக் காட்டுவது. பைக்காராவிலும் இதே கதை. தோடர்கள் புனிதமா மதிக்கிற ஆறு. அதில் மின்சாரத்துக்கு அணை. 1932-ல் மின் உற்பத்தி. பிறகு அணைத் தண்ணீர்ல படகு இல்லம். மே மாசம் ஊட்டி ஏரியில் படகுப் போட்டியும் அலங்காரப் படகு அணிவகுப்பும் கோடை விழாவின் ஒரு பகுதி.

இப்போ இந்த ஊரின் வரவு செலவை யோசிச்சுப் பாருங்க. ஏரிக்கரையில் குதிரை வச்சிருக்கிறவர், வர்க்கியும் வீட்டுச் சாக்லேட்டும் விற்கிறவர், ஸ்வெட்டர் கடை, சோளம் சுடுறவர், டாக்ஸி ஓட்டுறவர், ரெண்டு ரூம் வச்சு காட்டேஜ் நடத்துறவர். இவங்க யாருக்கும் மாசச் சம்பளம் கிடையாது. ஏப்ரல், மே ரெண்டு மாசம் வர்ற காசுதான் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழையைக் கடத்தணும். செப்டம்பர், அக்டோபரில் ரெண்டாவது சீசன் கொஞ்சம் கை கொடுக்கும். இது பல தலைமுறையா ஓடுற கணக்கு.

2020-ல் அந்தக் கணக்கு மார்ச் மாசத்திலேயே உடைஞ்சது. சீசன் ஆரம்பிக்கவே இல்லை. சேர்த்து வைக்க வேண்டிய ரெண்டு மாசம் போனதும், செலவு பண்ண வேண்டிய மழை மாசம் மட்டும் அப்படியே வந்தது. ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்தது 1,000 ரூபாய். குதிரைக்கு ஊரடங்கு தெரியாது. அதுக்குத் தினமும் கொள்ளும் புல்லும் வேணும். மலர்க் கண்காட்சி ரத்து. அடுத்த வருஷமும் ரத்து. இதை எண்ணிக்கையிலேயே பார்க்கலாம்: 2019-ல் நடந்தது 123-வது, அடுத்ததா 124-வது நடந்தது 2022-ல்தான்.

ஆனா மலை முழுக்க இதே நிலைமை என்று நினைக்காதீங்க. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான். அதே மலையில், அதே மாசங்களில், தேயிலைக்கு நல்ல காலம் வந்தது. ஊரடங்கின் முதல் வாரங்களில் கொழுந்து பறிக்க முடியாம அசாமிலும் வங்கத்திலும் உற்பத்தி சரிஞ்சது. சரக்கு குறைஞ்சதும் ஏலத்தில் விலை ஏறுச்சு. குன்னூர் ஏலத்திலும் ஏறுச்சு. வருஷக்கணக்கா பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் போராடிக்கிட்டு இருந்த கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கு அந்த வருஷம் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது. ஒரே மாவட்டம், ஒரே நோய். விளைஞ்ச பொருளைக் கீழே அனுப்புறவர் தப்பிச்சார். ஆட்கள் மேலே வரணும் என்று காத்திருந்தவர் மாட்டிக்கிட்டார். சில வீடுகளில் அண்ணன் தேயிலைத் தோட்டம் பார்ப்பார், தம்பி ஊட்டியில் டாக்ஸி ஓட்டுவார். அந்த வீட்டுக்குள்ளேயே இந்தக் கோடு விழுந்திருக்கும்.

திறப்பதும் படிப்படியாகத்தான் நடந்தது. 2020 செப்டம்பர் 1-ல் இருந்து தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று அரசு சொன்னது. ஆனா நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூணுக்கும் மட்டும் கலெக்டர் அனுமதி வேணும் என்று தனியா வச்சாங்க. அந்த மாசமே தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா எல்லாம் திறந்தது. படகு இல்லம் திறக்கல. பூங்காவில் தள்ளித் தள்ளி நடக்கலாம். படகில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் மாதிரிதான் உட்காரணும், ஒருத்தர் கழட்டின லைஃப் ஜாக்கெட்டைத்தான் அடுத்தவர் போடணும். படகு தண்ணீரில் இறங்க அந்த வருஷக் கடைசி ஆகிடுச்சு. மலை ரயில் வழக்கம்போல ஓட ஆரம்பிச்சது டிசம்பர் 31-ல்.

எல்லாம் சரியாகுது என்று நினைச்சப்போ 2021 ஏப்ரல். ரெண்டாவது அலை. ஏப்ரல் 20-ல் இருந்து மூணு மலைகளுக்கும் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று உத்தரவு. மறுபடியும் சீசன் தொடங்குற அதே வாரம். ஒரு வருஷம் போனா கடன் வாங்கிச் சமாளிக்கலாம். ரெண்டாவது வருஷமும் போனா, கடன் கொடுத்தவரும் அதே ஏரிக்கரையில் கடை வச்சிருக்கிறவரா இருப்பார். ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடியும் திறந்தது.

ஊட்டி மட்டும் இல்லை, தண்ணீரை நம்பின எல்லா இடத்திலும் இப்படித்தான். ஆலப்புழையில் ஹவுஸ்போட் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. நேரு கோப்பைப் படகுப் போட்டி ரெண்டு வருஷம் நடக்கலை. இங்கிலாந்தில் கால்வாய்களில் குறுகலான நீளப் படகில் விடுமுறைக்குப் போறது பெரிய பழக்கம். அங்கேயும் பொழுதுபோக்குப் பயணம் நின்னது, படகையே வீடா வச்சு வாழ்றவங்க மட்டும் தண்ணீரில் இருந்தாங்க. ஆனா ஊட்டிக்கு ஒரு விசேஷம் இருக்கு. மத்த இடங்களில் நோய் போனதும் கட்டுப்பாடும் போயிடுச்சு. ஊட்டியில் கட்டுப்பாடு திரும்பி வந்தது, வேற காரணத்துக்காக.

2022, 2023-ல் அடக்கி வச்ச ஆசை எல்லாம் மலை ஏறுச்சு. சீசன் நாள் ஒண்ணுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருது என்ற கணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாடி வந்தது. 2011 கணக்கெடுப்புப்படி மொத்த மாவட்டத்தின் மக்கள்தொகை ஏழு லட்சத்து சொச்சம் என்பதை நினைச்சுக்கோங்க. நீதிமன்றம் என்ன செய்தது? கொரோனா காலத்தில் பழகின அதே கருவியை எடுத்தது. 2024 மே 7-ல் இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025-ல் எண்ணிக்கையும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. உள்ளூர் வண்டிக்கும், அரசு பஸ்ஸுக்கும், ரயிலுக்கும் பாஸ் வேண்டாம். அந்த ஏப்ரலில் நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினாங்க.

அந்தக் கடையடைப்பைப் பத்தி கீழே சமூக ஊடகத்தில் வந்த கிண்டல் எனக்குப் பிடிக்கலை. 'மலை அழிஞ்சாலும் பரவாயில்லை, காசு வந்தா போதும்னு நினைக்கிறாங்க' என்ற தொனி. ரெண்டு சீசனை முழுசா இழந்த ஊர் அது. இ-பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவங்களுக்கு முதலில் ஞாபகம் வர்றது கரையில் கட்டின படகும் பூட்டின கடையும்தான். அதே நேரத்தில், நீதிமன்றம் சொன்னது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியலை. கல்லாறில் இருந்து ஊட்டி வரைக்கும் ஹார்ன் சத்தத்தோட நகர்ற வரிசையில் உட்கார்ந்தவங்களுக்கு, அந்தப் பாதையில் யானையும் காட்டு மாடும் ரோட்டைக் கடக்கணும் என்பது தெரியும். வாகனத்தை எண்ணத்தான் வேணும்.

எண்ணாத ஒண்ணையும் சொல்லிடறேன். ஊட்டி ஏரிக்கு வர்ற முக்கியமான ஓடை கோடப்பமந்து கால்வாய். பெயரைக் கவனிங்க, மந்து. ஒரு தோடர் குடியிருப்பின் பெயரைத் தாங்கி மேலே இருந்து இறங்குற ஓடை, ஊருக்குள்ளே மார்க்கெட் வழியா வரும்போது சாக்கடை ஆகிடுது. ஏரியில் கலக்குற கழிவுநீர் பல வருஷப் பிரச்சினை. தூர் வாருறதும் ஆகாயத்தாமரை எடுக்கிறதும் அப்பப்போ நடக்கும். சுற்றுலாப் பயணி ஒருத்தர்கூட இல்லாத அந்த மாசங்களிலும் ஊர்க்காரங்க குடியிருந்தாங்க, வீட்டுத் தண்ணீர் ஓடிக்கிட்டேதான் இருந்தது. வண்டியை நிறுத்தினா காற்று மாறும், சத்தம் குறையும். ஒரு ஊரின் பாதாளச் சாக்கடையை இ-பாஸ் சரி பண்ணாது. அதுக்குத் தேவை பணமும் குழாயும். ஏரியை நம்பிப் பிழைக்கிறவங்க கேட்கிறதும் இதைத்தான்: எங்க வருமானத்துக்கு வரம்பு போடுறீங்க, சரி, எங்க தண்ணீரை எப்போ சுத்தம் பண்ணுவீங்க?

நீங்க இந்த வருஷம் போறதா இருந்தா, ஒரு யோசனை. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுடுங்க. அரசு பஸ் ஏறுங்க, அதுக்குப் பாஸ் தேவையில்லை. குன்னூர் தாண்டினதும் குளிர் தெரியும். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, படகு இல்லத்துக்கு ஆட்டோ பிடிக்காம நடந்தே போங்க, கொஞ்ச தூரம்தான். நீங்க பஸ்ஸை விட்டு முதல் அடி வைக்கிற இடமே ஏரியின் பழைய தரைதான்.